சனிக்கிழமை போகலாம்

நஜீமாவின் வெள்ளை வண்டி ஒன்பது நாட்களாக நகரவில்லை.

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறார்களா, நலமா என்பதை வாசலில் நிற்கும் வண்டியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நடந்து போகிற தூரத்தில் இங்கே எதுவும் கிடையாது. பால் வாங்கவும், பள்ளிக்கும், தொழுகைக்கும், கோயிலுக்கும் சாவியைக் கையில் எடுத்தாக வேண்டும். நஜீமா ஒரு நாளைக்கு மூன்று முறையாவது வண்டியைக் கிளப்புகிறவள். அந்த ஆகஸ்டில் அதன் கண்ணாடியில் ஓக் மரத்துப் பிசினும் தூசியும் படிந்து, விரலால் பெயர் எழுதலாம் போலிருந்தது.

நான் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ஃபார்மசிஸ்ட். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. மீதி நான்கு நாளும் வீட்டில்தான். என் கணவர் சபரி எண்ணெய்க் கம்பெனி வேலையாக மிட்லேண்டுக்குப் போனால் பத்து நாள் ஆகும் திரும்பி வர. ஆகவே தெருவில் நடப்பதெல்லாம் என் சமையலறை ஜன்னல் வழியாகவே எனக்குத் தெரியும். ஒன்பது நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பதாம் நாள்தான் கேட்டேன்.

நஜீமாவின் கணவர் நூர் அகமது புல் வெட்டிக்கொண்டிருந்தார். நூற்று மூன்று டிகிரி வெயில். எப்போதும் வந்து வெட்டிவிட்டுப் போகிற ஆட்களை நிறுத்திவிட்டு அவரே வெட்டினார்.

"ஏனுங்க, நஜீமா வண்டி ரிப்பேருங்களா?"

இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். எங்கள் வாட்டர் ஹீட்டர் வெடித்து வீடெல்லாம் தண்ணீரான அன்று முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

"அதெல்லாம் இல்ல சிஸ்டர். சாவி எங்கயோ மிஸ் ஆயிடுச்சு. டீலர்கிட்ட ஆர்டர் பண்ணிருக்கேன்."

"போனும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"ஸ்கிரீன் போயிடுச்சு. ரிப்பேர்ல இருக்கு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அவளுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் வேணும். நானும் இப்ப வீட்லருந்துதான் வொர்க் பண்றேன். எல்லாம் நானே வாங்கிட்டு வந்துடறேன்."

சாவியும் போனும் ஒரே வாரத்தில் போயிருக்கின்றன. இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கியது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

நஜீமாவுக்கு ஊர் காயல்பட்டினம். நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் இந்தத் தெருவுக்குக் குடிவந்தோம். நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற காலையில், மூடி போட்ட பாத்திரத்தில் அவளுடைய களறிக் கறி என் வாசலில் இருக்கும். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, அடுப்பிலேயே கிடந்து வெந்த கறி. பதிலுக்கு நான் அரிசியும் பருப்பும் சாதம் கொடுத்தனுப்புவேன். "இத யாருக்கு உடம்பு சரியில்லன்னு செஞ்சே?" என்று கேட்டுவிட்டு முழுவதையும் சாப்பிட்டுவிடுவாள்.

ஊரில் பெண்கள் அரபுக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவள் அவள். அந்த அரபு இங்கே மகள் நிதாவுக்கு ஓதிக்கொடுக்க மட்டும்தான் பயன்பட்டது. ஒரு நாள் பெருநாளைக்கு வாங்கிய அங்கியின் விளிம்பைச் சுருக்கித் தைக்க, மெயின் ரோட்டில் இருக்கும் டிரை கிளீனிங் கடைக்குப் போனாள். அங்கே தையல் வேலை செய்கிற அம்மாள் தரையில் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளவு வைத்தார். ஊசி குத்தியதும் நஜீமா வாயிலிருந்து அரபில் ஏதோ வந்துவிட்டது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "இது புத்தகத்து அரபு. எந்த ஊர் நீ?" என்று கேட்டாராம்.

அவர் பெயர் இப்திஹால். மோசூல் நகரத்துக்காரர், அறுபத்திரண்டு வயது. அங்கே இரண்டு நாவல்கள் எழுதியவர். போரில் வீடும் புத்தகங்களும் போனபின் இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகக் கால்சட்டைகளுக்கு விளிம்பு தைக்கிறார். ஆனால் எழுதுவதை விடவில்லை. 'பெண் இருக்கும் இடம்' என்ற தலைப்பில், ஓர் அரபு இணைய இதழில் மாதம் ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவந்தார். அந்தப் பெண்கள் எல்லாரும் அளவு கொடுக்க வந்தவர்கள். "காலடியில் மண்டியிட்டு, வாய் நிறைய ஊசியோடு இருக்கிறவளிடம் பெண்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். நான் குறுக்கே பேச முடியாது அல்லவா?" என்று என்னிடம் ஒரு முறை ஆங்கிலத்தில் சொன்னார். இரக்கமில்லாத கண்கள் அவருக்கு. எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

நஜீமா வாரத்தில் இரண்டு மதியம் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். எள் தூவிய ரொட்டியும் கறுப்புத் தேநீரும் வைத்துக்கொண்டு, அந்த அம்மாள் எழுதியதை அவள் தமிழில் மாற்றினாள். வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதுகிறாய் என்று கேட்டேன். "துணி காய வைக்கிற டிரையர் மேல. அது ஓடுற சத்தத்துல நான் உள்ள இருக்கறதே யாருக்கும் தெரியாது," என்றாள்.

ஜூலை மாத இதழில் வந்தது நஜீமா சொன்ன கதை. பெயர் கிடையாது. அமெரிக்காவுக்கு மணமாகி வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதை.

நூர் அகமதுவின் தங்கை அஃப்சானா மூன்று வருடங்களுக்கு முன் நியூ ஜெர்சியில் அப்படித்தான் இறந்தாள். இருபத்திநான்கு வயது. கணவன் பெயர் ஹஸ்னைன். அரபு படிக்கத் தெரிந்த யாரோ அந்தக் கதையை நூர் அகமதுவுக்கு மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாரத்திலிருந்துதான் வண்டி நிற்கிறது.

இது எனக்குத் தெரிந்தது பதினோராம் நாள். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு புயல் சின்னம் உருவாகியிருப்பதாகச் சொன்னார்கள். கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. காற்றே இல்லை. வானம் பழுத்த மஞ்சளாக இருந்தது. ரவை கடன் கேட்கிற சாக்கில் கதவைத் தட்டினேன். நூர் அகமதுதான் திறந்தார், காதில் ஹெட்செட். மாடியில் மீட்டிங் போலிருக்கிறது. "ரெண்டு நிமிஷம் சிஸ்டர், அவ கிச்சன்ல இருக்கா," என்றபடி படியேறிப் போனார். கதவைச் சாத்தவில்லை.

நஜீமா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தீயைக் கூட்டினாள், சத்தம் வரட்டும் என்று.

"மெலிஞ்சிட்டீங்களே, என்னங்க ஆச்சு?"

"அவ வழுக்கி விழல வான்மதி." கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள். "ரெண்டு நாள் முந்தி எனக்குப் போன் பண்ணினா. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நாங்க போகல."

"போலீஸ்ல சொல்லலீங்களா?"

அவள் கண் மாடிப் பக்கம் போய் வந்தது. "மையத்த அடக்கி முடிச்ச பிறகு மச்சான் சொன்னாஹ, குடும்பத்து மானம், இனி பேசி அவ திரும்பி வரப்போறாளான்னு. நானும் வாய மூடிக்கிட்டேன். மூணு வருஷம்." வெங்காயம் கருகத் தொடங்கியது. "இப்ப ஹஸ்னைனுக்கு ரெண்டாவது கல்யாணம் பேசுறாஹ. பொண்ணு இங்க பக்கத்து ஊர்தான், கேட்டி. ஷிஃபா. நம்ம நிதாவுக்கு சண்டே கிளாஸ் எடுத்த பொண்ணு. அது தெரிஞ்ச அன்னைக்குத்தான் இப்திஹால்கிட்ட சொன்னேன். என் பேர் போடாதீங்கன்னு வேற சொன்னேன் பாரு, அவ்வளவு தைரியம் எனக்கு."

"அந்தப் பொண்ணு வீட்ல சொல்லீட்டீங்களா?"

"எதுல சொல்ல? எதுல போக?"

மேலே நாற்காலி நகர்ந்தது. நஜீமா ஒரு பொட்டலம் ரவையை என் கையில் திணித்தாள். "ரோஸ்ட் பண்ணாதது. வறுத்துக்கோ," என்று உரக்கச் சொன்னாள்.

அன்று இரவு சபரியிடம் போனில் சொன்னேன். "அவங்க ஃபேமிலி மேட்டர் வானு. நாம போய் எதாவது சொல்லி அப்புறம் அவங்க ஒண்ணாயிட்டா, மொகத்துல முழிக்க முடியுமா?" என்றார். அதுவும் நியாயம்தான் என்று பட்டது. இன்னும் இரண்டு நாளைக் கடத்தினேன்.

பதின்மூன்றாம் நாள் மதியம் நூர் அகமது எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கிண்ணம் வட்டலப்பம், அவர்கள் ஊர் இனிப்பு.

"நாளைக்கு ஈவினிங் ஊருக்குக் கெளம்பறோம் சிஸ்டர். உம்மாவுக்கு உடம்பு சரியில்ல. புயலுக்கு முன்னாடி ஃப்ளைட் கிடைச்சது. செடிக்குக் கொஞ்சம் தண்ணி விட முடியுமா?"

"எத்தன நாளைக்குங்க?"

"நானும் நிதாவும் ரெண்டு வாரம். ஸ்கூல் இருக்கே." கிண்ணத்தை மேசையில் வைத்து, அதன் மூடியை நேராக்கினார். "நஜீமா உம்மாவோட கொஞ்ச நாள் இருப்பா." பிறகு, போகத் திரும்பியவர் நின்றார். "அவ உங்ககிட்ட நோட்டு எதாவது குடுத்து வெச்சிருக்காளா? பேப்பர் மாதிரி?"

"இல்லீங்களே."

உண்மையில் இருந்தது. மைக்ரோவேவுக்கு மேலே, மருந்துப் புத்தகங்களுக்கு நடுவில் அவளுடைய மொழிபெயர்ப்பு நோட்டு இருந்தது. அவர் கண் அந்தப் பக்கம் ஒரு முறை போய் வந்தது.

"நீங்க சொன்னா சரிதான்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. 

அவர் காஸ்ட்கோ கடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போன பத்தாவது நிமிடம் நிதா வந்தாள். பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று வாசலில் நின்று மூச்சிரைத்தாள். அப்பாவின் லேப்டாப்பில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். மூன்று டிக்கெட். இரண்டில் போகவும் வரவும் தேதி இருந்தது. நஜீமாவுடையதில் போகிற தேதி மட்டும்தான்.

"உம்மாஸ் பாஸ்போர்ட் இஸ் வித் ஹிம். கிரீன் கார்டும்," என்றாள். பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில், "ஆன்ட்டி, உம்மா திரும்பி வர மாட்டாங்களா?"

மருத்துவமனையில் இப்படி இரண்டு பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பிரசவத்துக்கென்று ஊருக்கு அனுப்பப்பட்டு, திரும்ப அழைக்கப்படாதவர்களின் கதைகளை அவர்களின் தங்கைகளே சொன்னார்கள். ஒரு வருடம் வெளியே இருந்துவிட்டால் கிரீன் கார்டு வெறும் அட்டைதான். மகள் இங்கேயும் தாய் அங்கேயுமாகப் போய்விடும்.

அவர்கள் கதவுக்கு மேலிருந்த கேமரா நூர் அகமதுவின் போனில் காட்டிவிடும் என்பது தெரிந்தும், நிதாவை ஏற்றிக்கொண்டு நேராக அவர்கள் வாசலுக்கே வண்டியை விட்டேன். "ஏறுங்க," என்றேன். நஜீமா கையில் ஈரத்தோடு வந்தாள். தலைத்துணியை வண்டியில் உட்கார்ந்துதான் கட்டினாள்.

"எங்க போறோம்?"

"நீங்கதான் சொல்லோணும்."

ஃப்ரீவேயில் எல்லாரும் உள்நாட்டுப் பக்கம் கிளம்பியிருந்தார்கள். கூரைமேல் கட்டிய மெத்தைகள், தண்ணீர்க் கேன்கள். எதிர்ப்பக்கம் நாங்கள் மட்டும்தான் போவதுபோல் இருந்தது. நஜீமா எதிரே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "கடைக்குப் போ," என்றாள். "அங்க உக்காந்துதான் எனக்குப் பேச வரும்."

இப்திஹால் அம்மாள் கடையில் தனியாக இருந்தார். முதலாளி ஜன்னலுக்குப் பலகை அடிக்க ஆள் தேடிப் போயிருந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகள் கூரை முழுக்கத் தொங்கின. யாருடைய பட்டமளிப்பு அங்கியோ ஒன்று தையல் மேசையில் கிடந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நீங்கள் எழுதியதால்தான் இவளுக்கு இந்த நிலைமை, அது தெரிந்துதானே எழுதினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிந்துதான் எழுதினேன். மறுக்க மாட்டேன். மோசூலில் என் சொந்தத் தங்கையின் கதையை ஒரு ஆணின் பெயரில் எழுதினேன். எல்லாரும் அந்த ஆணைப் பாராட்டினார்கள். என் தங்கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை." நஜீமாவைப் பார்த்து அரபில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"பேர் இல்லாத பொம்பளைய நான் கற்பனை பண்ணினதா நெனச்சுக்குவாஹன்னு சொல்றாஹ." நஜீமா என் போனுக்குக் கை நீட்டினாள். "நிதா, ஷிஃபா வீட்டு நம்பர் சொல்லு."

போனை ஸ்பீக்கரில் வைத்தாள். நான்காவது மணியில் ஷிஃபாவின் உம்மா எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஆன்ட்டி. நான் நஜீமா. சுகர் லேண்ட். அஃப்சானாவோட மதினி பேசுறேன்."

"வ அலைக்கும் சலாம். சொல்லும்மா. புயலுக்கு நீங்க எங்கயும் போகலியா?"

"ஆன்ட்டி, அஃப்சானா வழுக்கி விழல." அதற்குப்பின் நஜீமா நிற்கவில்லை. "புதன்கிழம மதியம் எனக்குப் போன் வந்துச்சு. பின்னாடி தண்ணி கொட்டுற சத்தம். குளிக்கிறியான்னு கேட்டேன். இல்ல மதினி, நான் பேசுறது கேக்கக் கூடாதுன்னு கொழாயத் தொறந்து விட்டிருக்கேன்னா. கை வீங்கியிருக்கு, வளையல வெட்டி எடுத்தேன்னா. கூடப்பொறந்த காக்காகிட்ட சொல்லுங்க, இன்னைக்கே வரச் சொல்லுங்கன்னா. நான் சொன்னேன். சனிக்கிழம போலாம்னு முடிவாச்சு. வேல இருந்துச்சு. வெள்ளிக்கிழம காலைல ஹஸ்னைன் போன் பண்ணி, வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னார். மையத்தக் குளிப்பாட்டினது நான்தான் ஆன்ட்டி. நான் பாத்தேன். தலைல மட்டும் இல்ல அடி."

 எதிர்முனையில் அந்த அம்மாளின் குரல் தாழ்ந்து வந்தது. "இத ஏம்மா மூணு வருஷமா சொல்லல?"

நஜீமா மேசையில் கிடந்த அங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 

அப்போது போனில் வேறொரு குரல், இளம் குரல் கேட்டது. "லாத்தா, நான் ஷிஃபா. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒரு நிமிஷம். ஸ்பீக்கர்ல போடறேன், வாப்பா இங்கதான் இருக்காங்க. ஃபர்ஸ்ட்லேருந்து சொல்லுங்க."

நஜீமா மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.  அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நூர் அகமதுவின் வண்டி வந்து நின்றதைப் பார்த்தேன். நிதா தன் போனைப் பார்த்து முகம் வெளுத்தாள். குடும்பத்துப் போன்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குக் காட்டும் ஏற்பாட்டை அவள் மறந்திருந்தாள். அவர் உள்ளே வந்தார். கதவு மணி அடித்தது. சத்தம் போடவில்லை. சட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டார்.

நஜீமா அவரைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. வளையலை வெட்டியதைச் சொன்னாள். குளிப்பாட்டியதைச் சொன்னாள்.

முடித்ததும் ஷிஃபாவின் தகப்பனார் தொண்டையைச் செருமினார். "நீங்க சொல்றது சரிம்மா. ஆனா பொம்பளைங்க பேச்ச வெச்சு ஒரு சம்பந்தத்த நிறுத்த முடியாது பாருங்க. ஊருக்கு நான் பதில் சொல்லணும். உங்க வீட்டுக்காரர் இருக்காரா? அவர்கிட்ட குடுங்க."

நஜீமா போனை நூர் அகமதுவின் பக்கம் நீட்டினாள். கை நீட்டியபடியே இருந்தது. வெளியே முதல் காற்று கிளம்பி, வாகன நிறுத்தத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை உருட்டிக்கொண்டு போனது. நிதா, "வாப்பா," என்றாள். அவ்வளவுதான்.

அவர் வாங்கிக்கொண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்." நிறுத்தினார். "ஆமா... ஆமா. போன் வந்துச்சு. இவ அன்னைக்கே கெளம்பலாம்னா. எனக்கு ஆடிட் இருந்துச்சு. நான்தான் சனிக்கிழம போலாம்னு சொன்னேன்."

"இன்னா லில்லாஹி," என்றது அந்தப் பக்கம். "சரி தம்பி. நீங்களே சொல்லும்போது அப்பீலே கிடையாது. நிறுத்திடறோம்."

நஜீமா இரண்டு தடவையாகப் பதினோரு நிமிடம் பேசியிருந்தாள். போனில் நேரம் தெரிந்தது. அவர் பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. நடந்ததை இப்திஹால் அம்மாளுக்கு நிதா ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, அங்கியின் மடிப்பில் ஒரு ஊசியைக் குத்தினார்.

நூர் அகமது என் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. இந்த மூன்று வருடங்களில் அவர் எப்படித் தூங்கினார் என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது. ஆனால் நான் அவருக்காகப் பரிதாபப்பட விரும்பவில்லை.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் மனைவியிடம். "உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்."

"எப்ப பண்ணுவீங்க மச்சான்? சனிக்கிழமையா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"இப்ப பண்ணுங்க. இங்க நின்னு, எல்லார் முன்னாடியும் பண்ணுங்க. நான் இன்னைக்கு வான்மதி வீட்டுல இருப்பேன். நிதாவும்."

அவர் தன் போனை எடுத்தார்.  ஏர்லைன் பக்கத்தைத் திறந்து, பெயர் எழுதி, மூன்று முறை தவறான இடத்தில் அழுத்தி, கடைசியில் திரையை அவளிடம் காட்டினார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தலையசைத்தாள்.

அந்தத் திரைமேலேயே அழைப்பு வந்தது. ஹஸ்னைன்.

கேட்டியிலிருந்து நியூ ஜெர்சிக்குச் செய்தி போக இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கிறது. நூர் அகமது எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கூரையில் தொங்கிய சட்டைகளெல்லாம் கதவிடுக்கில் வந்த காற்றில் லேசாக ஆடின. நிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நஜீமா கணவனின் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"நஜீமாதான் பேசுறேன் ஹஸ்னைன்," என்றாள். "சொல்லுங்க."

எதிர்முனையில் சத்தமில்லை. அவள் வைக்கவில்லை.